வலையைச் சுருட்டச் சொல்வதற்கு முன்...

பறவைகளைக் காப்பாற்ற ஏரிகளில் மீன்பிடியை அடியோடு தடை செய்ய வேண்டுமா? பெருமாள் ஏரிக் கரையிலிருந்து பிச்சாவரம், பரத்பூர், தவா வரை கிடைக்கும் அனுபவங்கள் என்ன சொல்கின்றன?

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் இருக்கிறது குள்ளஞ்சாவடி. ஒரு பக்கம் முந்திரித் தோப்புகள், மேற்கே நெய்வேலிச் சுரங்கம், கிழக்கே போனால் கடல். சுரங்கத்துக்கும் கடலுக்கும் நடுவில் பரவனாறு ஓடுகிறது. அது வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் தொட்டு, கடலூரை ஒட்டிக் கடலில் கலக்கிறது. குறிஞ்சிப்பாடி வட்டாரத்து நெல்வயல்களுக்குப் பெருமாள் ஏரிதான் உயிர்நீர். அந்த ஏரியை நம்பி விவசாயிகள் மட்டும் பிழைக்கவில்லை. வலை போடுகிறவர்களும் பிழைக்கிறார்கள்.

ஏரி மீன்பிடி எப்படி நடக்கிறது என்பதைக் கடற்கரை மீன்பிடியை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் அறிய மாட்டார்கள். இங்கே விசைப்படகு கிடையாது, ஐஸ் பெட்டி அடுக்கிய துறைமுகம் கிடையாது. தெர்மகோல் பலகைகளைச் சாக்கில் வைத்துத் தைத்து, அதன்மேல் ஒரு ஆள் உட்கார்ந்து, கையாலோ சிறு துடுப்பாலோ தள்ளிக்கொண்டு போவார். சாயங்காலம் கட்டிய வலையை விடியும் முன் எடுப்பார். கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, ஜிலேபி என்று கிடைத்ததைக் கரையில் கொட்டிப் பிரிப்பார்கள். பைக்கில் பிளாஸ்டிக் கூடை கட்டி வந்து நிற்கிற சில்லறை வியாபாரிகள் எடை போட்டு வாங்கி, சூரியன் ஏறுவதற்குள் ஊர் ஊராகக் கொண்டு போய்விடுவார்கள். ஒரு வலைக்காரர் வீட்டின் அன்றைய அரிசியும் பிள்ளையின் பஸ் காசும் அந்தத் தராசுத் தட்டில்தான் இருக்கின்றன.

பெருமாள் ஏரி இன்று பறவைகள் சரணாலயப் பட்டியலில் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் வேகமாக நீள்கிறது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவெளி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,151 ஹெக்டேருக்கும் அதிகம். 2022-ல் திருப்பூர் நஞ்சராயன் குளம் சேர்ந்தது. இரண்டும் 2024 ஆகஸ்ட்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலுக்கும் போயின. தமிழ்நாட்டில் ராம்சார் தலங்கள் இப்போது 20. நாட்டிலேயே அதிக ராம்சார் தலங்கள் உள்ள மாநிலம் நம்முடையது. இது பெருமைப்பட வேண்டிய செய்தி.

அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு நீர்நிலை 'பாதுகாக்கப்பட்ட பகுதி' ஆனவுடன், அங்கே காலங்காலமாக வலை போட்டவர் என்ன ஆகிறார்? பெரும்பாலான இடங்களில் முதலில் நடப்படுவது 'மீன் பிடிக்கத் தடை' என்ற பலகை. பறவைகளைக் காக்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. ஆனால் மீன்பிடியை ஒட்டுமொத்தமாக நிறுத்துவது அதற்கு வழியாகாது. ஏரியைக் கெடுப்பது எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு எந்த வலை, எந்த மாதம், எந்த இடம் என்று ஊரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

பிச்சாவரத்தில் பழி யார் மேல் விழுந்தது?

இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்திலேயே பிச்சாவரம் இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள இந்த அலையாத்திக் காடு பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தது. காரணம் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது: சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள்.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலையைத் தொடங்கியபோது வேறொரு கதை வெளியே வந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து மொட்டையடிக்கும் வழக்கம் நிர்வாகத்தின் திட்டமாகவே இருந்தது. மரம் போன இடத்தில் சதுப்பு மண் வெயிலில் காய்ந்து, இறுகி, பள்ளமாகத் தாழ்ந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தப் பள்ளத்தில் தேங்கி ஆவியாக, உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் எந்த விதையும் பிழைக்கவில்லை. மாட்டையும் மனிதரையும் விரட்டியிருந்தாலும் அந்தப் பள்ளத்தில் ஒரு கன்று கூட முளைத்திருக்காது.

மருந்து எளிமையாக இருந்தது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மீன் முள் அமைப்பு. ஓதநீர் உள்ளே வந்து, உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போனது. பிறகு நட்ட கன்றுகள் நின்றன. வாய்க்கால் வெட்டியவர்கள், கன்று நட்டவர்கள், காவல் காத்தவர்கள் அதே ஊர்க்காரர்கள். வனத்துறையோடு சேர்ந்து அவர்கள் அமைத்த குழுக்கள்தான் வேலையை நடத்தின. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்ததை நாடே பார்த்தது.

பிச்சாவரத்தின் கால்வாய்களில் இருளர் இறால் பிடிப்பதைப் பார்த்தால், 'மீன்பிடி' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வகை இருக்கிறது என்பது தெரியும். ஆணும் பெண்ணுமாகத் தண்ணீரில் இறங்குகிறார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள், அல்லது கழுத்தில் கட்டிக்கொள்கிறார்கள். குனிந்து, இரண்டு கைகளையும் சேற்றில் பரப்பித் துழாவுகிறார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் பிடித்துப் பறிக்குள் போடுகிறார்கள். வலை இல்லை, படகு இல்லை, எரிபொருள் இல்லை. மணிக்கணக்கில் தண்ணீரில் நின்றால் ஒரு பறி நிறையும். ஒட்டுமொத்தத் தடை என்று எழுதினால் இந்தக் கையும், ஏரியையே வடிகட்டி மீன் எடுக்கும் பெரும் குத்தகைதாரரின் மோட்டாரும் ஒரே குற்றப் பட்டியலில் வந்துவிடும்.

எருமையை விரட்டிய பரத்பூர்

தடை சில நேரம் காப்பாற்ற நினைத்ததையே கெடுத்துவிடும் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் சாட்சி. 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கேவலாதேவ் பறவைகள் காடு 1981-ல் தேசியப் பூங்கா ஆனது. அடுத்த ஆண்டு அங்கே கால்நடை மேய்ச்சல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. சுற்றுக் கிராமத்தினர் எதிர்த்தார்கள். 1982 நவம்பரில் போலீஸ் சுட்டதில் கிராமத்தினர் சிலர் செத்தே போனார்கள்.

எருமைகள் போனால் பறவைகள் பெருகும் என்று இயற்கை ஆர்வலர்களும் உண்மையாகவே நம்பினார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு அந்த நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது. எருமைகள் மேய்ந்து அடக்கி வைத்திருந்த ஒரு நீர்ப்புல், அவை இல்லாமல் போனதும் தண்ணீர்ப் பரப்பை மூடியது. திறந்த தண்ணீர் குறைந்தது. மீன் வளர இடம் சுருங்கியது. நீர்ப்பறவைகளுக்கு இறங்கி இரை தேட இடம் இல்லாமல் போனது. கடைசியில் புல்லை வெட்டி எடுத்துப் போகும்படி அதே கிராமத்தினரை நிர்வாகம் உள்ளே விட வேண்டி வந்தது.

நம் ஏரிகளில் எருமையின் இடத்தில் வலைக்காரர் இருக்கிறார். வலை போட வேண்டுமானால் ஆகாயத்தாமரையை ஒதுக்கியாக வேண்டும். அதை அவர் தினமும் செய்கிறார். வெளியிலிருந்து வந்து பெருகிய ஜிலேபியையும், வளர்க்கத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் ஏரியிலிருந்து எடுப்பதும் அவர் வலைதான். ராத்திரி டேங்கர் லாரி வந்து கழிவைக் கொட்டினாலும், மீன் செத்து மிதந்தாலும், கரையில் ஓட்டை விழுந்தாலும் முதலில் பார்ப்பது விடியற்காலையில் தண்ணீரில் இருக்கும் அவர் கண்தான். அவரை வெளியேற்றிவிட்டு அந்த வேலைக்கு எத்தனை வனக்காவலரைப் போட முடியும்?

மறுபக்கத்து நியாயம்

தடை கேட்பவர்கள் காரணமில்லாமல் கேட்கவில்லை. ராத்திரி முழுக்கக் கட்டிவிடும் நைலான் வலையில் முக்குளிக்கும் பறவைகள் சிக்கிச் சாகின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மீனைத் துரத்திக்கொண்டு போய் வலைக்குள் மாட்டுகின்றன. அறுந்து கிடக்கும் வலைத்துண்டு நாரையின் காலில் சுற்றிக்கொள்கிறது. கொசுவலை போன்ற பொடிக்கண் வலை, மீன் குஞ்சைக்கூட விட்டுவைக்காமல் அள்ளுகிறது. சில இடங்களில் கரண்ட் வைத்தும் மருந்து கலந்தும் பிடிக்கிறார்கள். குத்தகை எடுத்தவர், தான் விட்ட குஞ்சைப் பறவை தின்கிறது என்று வெடி போட்டு விரட்டுகிறார். குத்தகை முடியும் நேரத்தில் மதகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு மீனை அள்ளுவதாக விவசாயிகளே எத்தனையோ ஊர்களில் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் ஒன்றுக்குக்கூட மன்னிப்பு இருக்கக் கூடாது. ஆனால் இந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வலை, ஒரு குறிப்பிட்ட நேரம், ஒரு குறிப்பிட்ட ஆள் பற்றியது. பொடிக்கண் வலையைத் தடுக்கலாம். கூடு கட்டும் மரங்களைச் சுற்றி வலை போடக் கூடாது என்று கயிறு கட்டி எல்லை வைக்கலாம். பறவை குஞ்சு பொரித்திருக்கும் மாதங்களில் நைலான் வலையை நிறுத்தி, தூண்டிலையும் வீச்சுவலையையும் மட்டும் விடலாம். அதிகப் பணம் கேட்டவருக்கு ஏரியை ஏலம் விடும் முறையை மாற்றி, உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்கலாம். வெடி போட்டவர் குத்தகையை ரத்து செய்யலாம். குறிபார்த்துச் செய்ய வேண்டிய இந்த வேலைகளை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே உத்தரவில் மூடும்போது, தண்டனை போவது தூண்டில் போடுகிறவருக்குத்தான். கரண்ட் வைப்பவர் ராத்திரியில் வந்துகொண்டேதான் இருப்பார்.

தடை என்றாலே எதிர்ப்பவர்களா மீனவர்கள்?

கடலூர் துறைமுகத்தில் கேட்டால் பதில் கிடைக்கும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. முதலில் 45 நாளாக இருந்ததுதான் பிறகு 61 ஆனது. முணுமுணுப்புகள் இருந்தாலும் அந்தத் தடை நிற்கிறது. ஏன் நிற்கிறது? காரணம் எல்லோருக்கும் புரிகிறது. தொடங்கும் நாளும் முடியும் நாளும் தெரிகிறது. நாட்டுப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் அது பொருந்துவதில்லை. அந்த நாட்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகையை 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2023-ல் வந்தது.

உள்நாட்டுக் கண்மாய்களில் இதைவிடப் பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் மாசி, பங்குனி தொடங்கி நடக்கும் மீன்பிடித் திருவிழாக்கள். தண்ணீர் இருக்கும் வரை யாரும் வலை போடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பாசனம் முடிந்து தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் நாள் குறித்துச் சுற்று ஊர்களுக்கெல்லாம் சொல்லி விடுகிறார்கள். விடியும் முன்பே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஆயிரக்கணக்கில் ஜனம் கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஒரே பாய்ச்சலில் இறங்குவார்கள். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டு போய்க் குழம்பு வைக்க வேண்டும், விற்கக் கூடாது என்பதும் பல ஊர்களில் வழக்கம். வருஷத்தில் பெரும்பகுதி தடை, ஒரு நாள் பொது உரிமை. அரசாணை எதுவும் இல்லாமல் இது நடக்கிறது, ஊரே போட்ட விதி என்பதால்.

ஊர் வழக்கங்கள் எல்லாமே நியாயமானவை என்று சொல்லிவிட முடியாது. பழவேற்காட்டில் 'பாடு' என்ற முறை இருக்கிறது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று குலுக்கிப் போட்டுப் பங்கிடுவார்கள். ஏரியைச் சூறையாடாமல் காக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதில் இடம் கிடைப்பது பரம்பரை மீனவ சமூகத்தாருக்குத்தான். பிழைப்புக்காக வலை பிடித்த மற்றவர்கள் வெளியே நிற்கிறார்கள். ஊர் விதியை வைத்துக்கொண்டு, விடுபட்டவர்களையும் உள்ளே சேர்க்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. அரசு செய்ய வேண்டிய வேலை அதுதான்.

சட்டம் கதவை மூடவில்லை

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு பகுதியைச் சரணாலயமாக்கும்போது, அங்கே யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று மாவட்ட ஆட்சியர் விசாரிக்க வேண்டும். சுற்றியுள்ள ஊர்களில் அந்த வட்டார மொழியில் அறிவிப்பு வெளியிட வேண்டும். உரிமை கோர மக்களுக்கு இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து, இருக்கும் உரிமையைச் சரணாலயத்துக்குள்ளேயே தொடர விடவும் ஆட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது. 2002-ல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி போய், ஊராரும் நிர்வாகத்தில் உட்காரும் சமூகக் காப்பகம் என்ற வகையையே உருவாக்கியது. அதே திருத்தத்தின் வழியாக 2005-ல் திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூர் பறவைகள் காப்பகமானது. தாமிரபரணிக் கரையில் கோயில் மரங்களில் தங்கும் பறவைகளுக்காக அந்த ஊராரே கேட்டு வாங்கிய பாதுகாப்பு அது.

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், வனப்பகுதிகளில் வாழும் பழங்குடியினருக்கும் பாரம்பரிய வனவாசிகளுக்கும் நீர்நிலைகளின் மீன் மீது சமூக உரிமை உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 2017-ம் ஆண்டு ஈரநில விதிகள் ஆக்கிரமிப்பையும், கழிவு கொட்டுவதையும், தொழிற்சாலை வருவதையும் தடுக்கின்றன. ராம்சார் பட்டியலில் சேர்ந்தாலே மீன்பிடியை நிறுத்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

உச்ச நீதிமன்றமும் இதைச் சந்தித்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பெஞ்ச் காட்டிலுள்ள தோத்லாதோ நீர்த்தேக்கத்தில், இடம்பெயர்ந்த பழங்குடியினருக்கு 305 மீன்பிடி அனுமதிகள் கொடுக்கப்பட்டதை எதிர்த்து வழக்கு வந்தது. 1997-ல் நீதிமன்றம் அந்த அனுமதிகளை ரத்து செய்யவில்லை. புகைப்பட அடையாள அட்டை, பிடித்த மீனுக்குக் கணக்கு, காட்டில் தீ மூட்டக் கூடாது என்று நிபந்தனைகள் போட்டது.

அதே மாநிலத்தின் தவா நீர்த்தேக்கத்துக் கதை வேறு மாதிரி முடிந்தது. அணைக்காக ஊரை இழந்தவர்கள் போராடி, 1996-ல் 'தவா மத்ஸ்ய சங்கம்' என்ற கூட்டுறவை அமைத்து மீன்பிடி உரிமையைப் பெற்றார்கள். குஞ்சு விட்டார்கள், மழைக்கால இனப்பெருக்க மாதங்களில் தாங்களே வலையை நிறுத்தினார்கள். தனியார் ஒப்பந்தக்காரர் காலத்தைவிடப் பல மடங்கு மீன் வந்தது. பத்தாண்டு கழித்து, சாத்பூரா புலிகள் காப்பகத்தைக் காரணம் காட்டி உரிமை புதுப்பிக்கப்படவில்லை. 2024 ஆகஸ்ட்டில் கழுவெளியோடும் நஞ்சராயனோடும் ஒரே நாளில் ராம்சார் பட்டியலில் சேர்ந்த மூன்றாவது பெயர், இந்தத் தவாதான். அந்த நீர்த்தேக்கத்தைப் பொறுப்போடு பார்த்துக்கொண்டவர்களுக்கு அதில் பங்கு இல்லை.

பெருமாள் ஏரியில் எதைத் தடுக்க வேண்டும்?

மறுபடி குள்ளஞ்சாவடிப் பக்கம் வருவோம். நெய்வேலியில் நிலக்கரி எடுக்க வேண்டுமானால் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்தாக வேண்டும். அந்தத் தண்ணீர்தான் பரவனாறு வழியே ஏரிகளுக்கு வந்து பயிருக்கும் பாய்கிறது. அதோடு சேர்ந்து சுரங்க மண்ணும் அனல்மின் நிலையச் சாம்பலும் வந்து ஏரியைத் தூர்த்துவிட்டன என்பது இந்த வட்டார விவசாயிகளின் நெடுநாள் புகார். 2023-ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு, நெய்வேலியைச் சுற்றியுள்ள நீரும் மண்ணும் மாசுபட்டிருப்பதாக ஓர் ஆய்வை வெளியிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

ஆழம் குறைந்த ஏரியில் மீனும் தங்காது, பறவையும் தங்காது. வண்டலும் சாம்பலும் வரும் வழி அப்படியே திறந்திருக்க, தெர்மகோல் பலகையில் போகிறவரை மட்டும் தடுத்தால் ஏரிக்கு எந்த நன்மையும் வராது.

எனவே மீன்பிடித் தடையோடு ஒரு சரணாலய அறிவிப்பு எந்த ஊர் ஏரிக்கு வந்தாலும், அந்த ஊர் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. இந்த ஏரியில் பறவை குறைந்ததற்கு மீன்பிடிதான் காரணம் என்று காட்டும் ஆய்வு எது? எந்த வலையால், எந்த மாதத்தில் கேடு வருகிறது? ஏரியை நம்பிய குடும்பங்களின் பட்டியல் எடுக்கப்பட்டதா, இருளர் போன்றவர்கள் அதில் இருக்கிறார்களா? தடைக்காலத்துக்குக் கடல் மீனவர்களுக்குக் கொடுப்பதுபோல நிவாரணம் உண்டா? ஏரிக்குள் வரும் கழிவை நிறுத்த அதே உத்தரவில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது?

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். ஏரிப்பாசனச் சங்கத்தாரும், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தாரும், பறவை பார்க்க வரும் இளைஞர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தீர்மானம் எழுதலாம். இனப்பெருக்க மாதங்களில் நைலான் வலை இல்லை, கூடு கட்டும் மரங்களைச் சுற்றி வலை இல்லை, பொடிக்கண் வலை எப்போதுமே இல்லை, ஏலம் இல்லை, கழிவு வரும் வாய்க்காலுக்குத் துறை பொறுப்பு என்று ஐந்து வரி போதும். அந்தத் தீர்மானத்தின் நகல் மாவட்ட ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் போகட்டும். சரணாலய அறிவிப்பு வந்து உரிமை விசாரணை தொடங்கும் நாளில், ஆட்சியர் மேசையில் முதல் தாளாக அது இருக்க வேண்டும்.